பழைய ஸ்னோகேட் வாங்கப் போகிறீர்களா? இஞ்சின் சத்தத்தில் மயங்காதீர்கள்

பழைய ஸ்னோகேட் ஒன்றைப் பார்க்கப் போனால் விற்பவர் முதலில் செய்வது, இஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டுவதுதான். சத்தம் சீராக வந்ததும் வாங்க வந்தவர் முகம் மலர்ந்துவிடும், பேரம் பாதி படிந்துவிடும். பனியில் ட்ராக் மேல் ஓடும் இந்த வண்டிகள், பெரும்பாலும் 1950களிலிருந்து 70கள் வரை தயாரானவை, அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் கனடாவிலும் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வாங்குபவர்கள் ஏமாறும் முதல் இடம் இந்த இஞ்சின் சத்தம்தான். இவற்றில் சுலபமாகச் சரிசெய்யக்கூடிய பாகமே இஞ்சின்தான். தியோகோல் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஸ்ப்ரைட் வண்டிகள் பலவற்றில் இருப்பது ஃபோர்டின் ஆறு சிலிண்டர் இஞ்சின். ஸ்வீடனில் செய்த ஸ்னோ ட்ராக்கில் இருப்பது காற்றால் குளிரும் ஃபோக்ஸ்வாகன் இஞ்சின். பாகமும் கிடைக்கும், கைபழகிய மெக்கானிக்கும் கிடைப்பார். பணத்தை விழுங்குபவை எல்லாம் அதற்குக் கீழே இருக்கின்றன.

இஞ்சினுக்கு முக்கியமாக ஒரு சோதனை போதும். “நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் இஞ்சின் மேல் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் செய்யும் வண்டியோ என்று சந்தேகப்படுங்கள்.

சரி, இப்போது கீழே குனியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ட்ராக் என்பது நீளமான ரப்பர் பெல்ட்டுகளும், அவற்றின் குறுக்கே போல்ட் போட்டு இறுக்கிய இரும்புச் சட்டங்களும் சேர்ந்தது. பலர் நாலடி தள்ளி நின்று, ரப்பர் கறுப்பாக இருக்கிறது, சட்டங்கள் வரிசையாக இருக்கின்றன என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கோளாறு ஒளிந்திருப்பது போல்ட் ஓட்டைகளில். ஓட்டை வட்டமாக இல்லாமல் நீள்வாக்கில் இழுபட்டிருந்தால், பாரம் ஏறும்போது சட்டம் பெல்ட்டைக் கிழித்துக்கொண்டு வரும். ட்ராக் வளைந்து திரும்பும் முனையில் டார்ச் அடித்துப் பாருங்கள். நேரான பகுதியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் அங்கே வாய் பிளந்து நிற்கும். பெல்ட் ஓரத்தில் நூல் அடுக்கு பிரிந்து தொங்கினால் அதற்கு ஆயுள் முடிந்தது. வண்டியைக் கொஞ்சம் உருட்டச் சொல்லி, தரையில் படிந்திருந்த பகுதியையும் பார்த்துவிடுங்கள். வருடக்கணக்கில் ஈரப் புல்லில் நின்ற வண்டியில் கெட்டுப்போவது அந்தப் பகுதிதான்.

ஒரு பெல்ட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கும் வேண்டாம். பழைய பெல்ட் நீண்டிருக்கும், புதியது நீண்டிருக்காது. இரண்டையும் ஒரே ட்ராக்கில் போட்டால் ட்ராக் ஒரு பக்கமாக இழுக்கும். முழுதாக மாற்றுவதென்றால் துருப்பிடித்த போல்ட் அத்தனையையும் வெட்டி எடுக்க வேண்டும். அந்தச் செலவு வண்டியின் விலையையே தொட்டுவிடலாம். கூடவே ட்ராக்கை இழுக்கும் பற்சக்கரத்தையும் பாருங்கள். பற்கள் கொக்கி போல ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் புது பெல்ட்டையும் சீக்கிரமே தின்றுவிடும்.

அடுத்தது, திருப்பும் முறை. தியோகோல் வகை வண்டிகளில் ஸ்டீயரிங் வீல் கிடையாது, இரண்டு லீவர்கள்தான். ஒரு லீவரை இழுத்தால், இரு பக்க ட்ராக்குக்கும் இஞ்சின் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஒரு பேண்ட், அதாவது வளையப் பட்டை, அந்தப் பக்கத்து டிரம்மை இறுக்கும். அந்தப் பக்க ட்ராக் வேகம் குறையும், மறுபக்கம் வேகம் கூடும், வண்டி திரும்பும். லீவர் உங்கள் வயிறு வரை வந்த பிறகுதான் வண்டி திரும்புகிறது என்றால் பேண்ட் தேய்ந்திருக்கிறது, அல்லது சரியாக அட்ஜஸ்ட் செய்யாமல் ஓட்டியிருக்கிறார்கள். இந்த பேண்டுகள் எண்ணெயில் மூழ்கி வேலை செய்பவை. அதனால் கொஞ்சம் எண்ணெயை வெளியே எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். தீய்ந்த வாடையோ, மினுமினுக்கும் இரும்புத் துகளோ இருந்தால் விலையை அங்கேயே மறுபடி பேச வேண்டியதுதான். என்ன எண்ணெய் ஊற்றினீர்கள் என்றும் கேளுங்கள். கையேட்டில் சொன்னதை விட்டுவிட்டுக் கையில் கிடைத்த கியர் ஆயிலை ஊற்றியவர்கள் உண்டு.

எல்லா வண்டிக்கும் ஒரே கண்ணை வைத்துப் பார்ப்பதும் தவறு. டக்கர் கம்பெனியின் ஸ்னோகேட்டுக்கு நான்கு ட்ராக். முன் அச்சும் பின் அச்சும் எதிரெதிராகத் திரும்பும். 1957-58இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் விவியன் ஃபுக்ஸின் குழு அண்டார்டிகாவைக் குறுக்காகக் கடந்தது டக்கர் வண்டிகளை நம்பித்தான், அந்தப் பெருமைக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் பார்க்க வேண்டியது அச்சு திரும்பும் மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்பது. ஸ்னோ ட்ராக்கில் ஸ்டீயரிங் வீல் உண்டு. அதைத் திருப்பினால் வேரியேட்டர் என்ற அமைப்பில் உள்ள பெல்ட்டுகள் இரு பக்க வேகத்தையும் மாற்றும். அந்த பெல்ட்டுகளைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. கனடாவின் கியூபெக்கில் செய்த பொம்பார்டியே பி12 வண்டிக்கு உடம்பே பிளைவுட். ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் அடிப்பக்கத்தை அழுத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது.

அடித்தகட்டைத் திறந்து பார்க்க மறக்க வேண்டாம். எண்ணெயில் ஊறிய இலைதழை, எலிக்கூடு எல்லாம் அங்கே சேர்ந்திருக்கும். சூடான இஞ்சினுக்குக் கீழே அது தீப்பிடிக்கக் காத்திருக்கும் குப்பை. சுத்தம் செய்தால்தான் சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், உள்ள விரிசலும், வெல்டிங் மேல் வெல்டிங் போட்ட இடமும் தெரியும்.

உதிரி பாகம் யார் தருவார்கள் என்பதை விலை பேசும் முன்பே விசாரியுங்கள், பின்பு அல்ல. தியோகோல், ராக்கெட் மோட்டார் செய்த கம்பெனி. ஸ்னோகேட் பிரிவை 1978இல் கார் தயாரிப்பாளர் ஜான் டிலோரியனுக்கு விற்றது. பிறகு எல்எம்சி என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் 2000இல் மூடப்பட்டது. இன்று அந்த வண்டிகளுக்குப் பாகம் என்றால் பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவர்களும் ஆர்வலர்களும்தான். டக்கர் கம்பெனி அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இன்னும் இயங்குகிறது என்பது அதை வாங்குபவர்களுக்குப் பெரிய பலம்.

கோடையில் விலை இறங்கும் என்று ஜூலையில் போய் வாங்குபவர்கள் ஓட்டிப் பார்க்காமலே வாங்கிவிடுகிறார்கள். பனி இல்லாவிட்டால் மிருதுவான மண் தரையாவது வேண்டும். இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம், அப்புறம் ஒரு மேடு ஏறி நடுவில் திருப்பிப் பாருங்கள். “நிறுத்தி வைக்கும்போது நன்றாகத்தான் ஓடியது” என்று விற்பவர் சொன்னால், ஓடாத வண்டிக்கு உரிய விலையையே சொல்லுங்கள்.

கடைசியாக, வீட்டுக்குக் கொண்டுவருவது. அகலத்தை அளக்காமல் டிரெய்லரோடு போகாதீர்கள். அமெரிக்காவின் பெரிய நெடுஞ்சாலைகளில் அனுமதி வாங்காமல் கொண்டுபோகக்கூடிய அகலம் 8 அடி 6 அங்குலம். அகல ட்ராக் வண்டிகள் சில அதைத் தாண்டும். ஏற்றும் சாய்தளம் வெறும் இரும்பாக இருந்தால், இரும்புச் சட்டங்கள் அதில் பிடிப்பே இல்லாமல் வழுக்கும், ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். மரப்பலகை போட்டு, மெதுவாக, முடிந்தால் வின்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி) வைத்து இழுத்து ஏற்றுங்கள். வண்டிக்குப் பின்னால் யாரையும் நிற்க விடாதீர்கள்.