தீம் பார்க் மீல் பிளான்: காசு கட்டுமுன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

ஆகஸ்ட் லீவுக்கு ஒர்லாண்டோ டிஸ்னி, ஹொங்கொங் டிஸ்னி என்று பயணம் போடுகிற கொழும்புக் குடும்பங்களிடம் டிராவல் ஏஜென்சியில் கட்டாயம் கேட்பார்கள்: “மீல் பிளானும் சேர்க்கவா?” பூங்காவில் சாப்பிடப்போவதற்கு முன்கூட்டியே காசு கட்டிவிடும் திட்டம் அது. டிக்கெட், ஹொட்டல் என்று லட்சக்கணக்கில் போகும்போது, இதையும் சேர்த்துவிட்டால் அங்கே போய்க் காசை எண்ண வேண்டாமே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். ஒரு கொப்பித் தாளும் அரை மணித்தியாலமும் போதும்.

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். சைவக் குடும்பத்துக்கு இது பெரும்பாலும் நட்டம். எல்லாம் சாப்பிடுகிற, 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குச் சரிவரலாம்.

படி 1: எதை விற்கிறார்கள் என்று பாருங்கள்

ஹொங்கொங் டிஸ்னிலாண்டில் விற்பது கூப்பன். மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு, இடையில் ஒரு சிற்றுண்டி என மூன்றும் சேர்ந்த கூப்பனை ஒரு நாளுக்கு வாங்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த நாள் வாங்காமல் விடலாம். சிக்கல் குறைவு.

ஒர்லாண்டோவின் வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் திட்டம் வேறு மாதிரி. டிஸ்னியின் சொந்த ஹொட்டலில் தங்கினால்தான் வாங்க முடியும். தங்கும் இரவுகளுக்கு ஏற்பக் காசு. 2020இல் நிறுத்தி, 2024 ஜனவரியில் மீண்டும் தொடங்கினார்கள். சின்னத் திட்டத்தில் ஓர் இரவுக்கு, கவுண்டரில் எடுத்துச் சாப்பிடும் சாப்பாடு இரண்டும் சிற்றுண்டி ஒன்றும். பெரிய திட்டத்தில் அந்த இரண்டில் ஒன்று, மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறும் சாப்பாடாக மாறும். இரண்டிலும் ஒரு மக் தருவார்கள். அதை ஹொட்டலில்தான் திரும்பத் திரும்ப நிரப்பலாம், பூங்காவுக்குள் நிரப்ப முடியாது.

இனி வருவது பெரும்பாலும் ஒர்லாண்டோ கணக்கு. தடுமாறுவது அதில்தான்.

படி 2: பிள்ளையின் வயதை எழுதுங்கள்

அங்கே 3 முதல் 9 வரைதான் பிள்ளை. 10 பிறந்துவிட்டால் பெரியவர் விலை. 2024இல் சின்னத் திட்டம் ஓர் இரவுக்குப் பெரியவருக்கு 57.01 டொலர், பிள்ளைக்கு 23.83 டொலர். அம்மா, அப்பா, 9 வயது மகன் ஐந்து இரவு தங்கினால் 689.25 டொலர். அதே மகனுக்கு 10 ஆகிவிட்டால் 855.15 டொலர். ஒரு பிறந்தநாளுக்கு 165.90 டொலர்! விலை வருடா வருடம் மாறுவதால், நீங்கள் போகும் வருடத்துக்குரிய விலையை டிஸ்னியின் இணையத்தளத்தில் பார்த்து இதே போலப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: உண்மையில் என்ன சாப்பிடுவீர்கள்?

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். உணவகங்களின் மெனுவும் விலையும் டிஸ்னி தளத்திலேயே இருக்கின்றன. வீட்டில் எல்லோரையும் இருத்தி, இரண்டு நாளுக்கு அவரவர் எடுக்கப்போவதை எழுதுங்கள். ஆசைப்படுவதை எழுதாதீர்கள், வழக்கமாகச் சாப்பிடுவதை எழுதுங்கள்.

2024இன் 57 டொலரில் சிற்றுண்டிக்கு ஏழு போனால் 50 மிஞ்சும். அப்படியென்றால் ஒரு வேளைக்கு 25 டொலர் சாப்பிட்டால்தான் கட்டிய காசு திரும்பும். மரக்கறி பர்கர், உருளைக்கிழங்குப் பொரியல், ஒரு சோடா எடுத்தால் 20 டொலரைத் தொடுவதே கஷ்டம். அப்பா வேளைக்கொரு பியர் எடுப்பார் என்றால் கணக்கு தலைகீழ். 21 வயது தாண்டியவருக்குச் சாப்பாட்டோடு ஒரு மதுபானமும் திட்டத்திலேயே அடக்கம். டிஸ்னியின் கணக்கு பியர் குடிக்கிறவரை வைத்துப் போட்டது போலத்தான் எனக்குத் தெரிகிறது.

லாபம் கிடைக்கும் இடமும் உண்டு. பெரிய திட்டம் 2024இல் பிள்ளைக்கு 29.69 டொலர். மிக்கி வேடமிட்டவர் மேசைக்கு மேசை வந்து படம் எடுக்கும் ‘ஷெஃப் மிக்கீஸ்’ போன்ற புபேயில் பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாடே அதைத் தாண்டும். மிச்சச் சாப்பாடும் சிற்றுண்டியும் சும்மா வந்த மாதிரி. ஆனால் பெரியவருக்கு அதே திட்டம் 94.28 டொலர். இப்படியான சாப்பாடு இரண்டு மூன்றாவது திட்டமிட்டிருந்தால் மட்டும் பெரிய திட்டத்தை யோசியுங்கள்.

படி 4: கலண்டரை எடுங்கள்

வெள்ளிக்கிழமை மச்சம் இல்லாத வீடு என்றால் அந்த நாளை வட்டமிடுங்கள். ஆகஸ்ட் லீவில் நல்லூர்த் திருவிழாவும் வந்துவிட்டால், கொடியேறியதிலிருந்து சைவம் என்று இருக்கிற வீடுகள் வெள்ளவத்தையில் எத்தனை! அப்படியான பயணத்தில் ஒவ்வொரு நாளும் படி 3இன் பர்கர் நாள்தான்.

ஹலால் பார்க்கிறவர்களுக்கு ஹொங்கொங்கில் வசதி. அங்கே எக்ஸ்ப்ளோரர்ஸ் கிளப், டஹீஷியன் டெரஸ் ஆகிய இரண்டு உணவகங்களும் ஹலால் சான்றிதழ் பெற்றவை. கூப்பன் அங்கே செல்லுமா என்று மட்டும் வாங்குமுன் உறுதிசெய்யுங்கள்.

படி 5: அம்மம்மாவும் வருகிறாரா?

ஒர்லாண்டோவில் ஒரே பதிவில் இருக்கும் 3 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஒரே திட்டத்தை எடுக்க வேண்டும். தயிரும் வாழைப்பழமும் போதும் என்கிற அம்மம்மாவுக்கும் 2024 விலையில் அதே 57 டொலர். மூன்று தலைமுறை ஒன்றாகப் போகும் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் இந்த ஒரு விதியோடு கதை முடிந்துவிடும்.

படி 6: ரூபாவையும் யோசியுங்கள்

முற்பணத்துக்குச் சார்பாக ஒன்று சொல்ல வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. அதற்கு முன் கட்டி முடித்தவர் தப்பினார். முன்கூட்டிக் கட்டினால் செலவு ரூபாவில் நிலைத்துவிடும். அங்கே போய் கார்ட்டில் கட்டினால் அன்றைய வீதமும் வங்கியின் கட்டணமும் சேரும், எவ்வளவு என்று வங்கியில் கேளுங்கள். ஆனால் கணக்கில் நட்டமான திட்டத்தை இதற்காக வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று, ஏஜென்சி “சாப்பாடு ஃப்ரீ” என்றால், சாப்பாடு இல்லாமல் அதே பேக்கேஜ் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

படி 7: வேண்டாம் என்று முடிவெடுத்தால்

வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் பூங்காக்களுக்குள் வெளிச்சாப்பாடு கொண்டுபோகலாம். சூடாக்க வேண்டியதும் கண்ணாடிப் போத்தலும் கூடாது, ஆகவே மாங்காய் அச்சாறு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற வேண்டும். கவுண்டர் உணவகங்களில் ஐஸ் தண்ணீர் இலவசம், கேட்டால் தருவார்கள். முறுக்கு, பிஸ்கட் எல்லாவற்றையும் அமெரிக்க விமான நிலையத்தில் இறங்கியதும் சுங்கத்திடம் அறிவியுங்கள். இறைச்சி சேர்ந்த ரோல்ஸ், பற்றீஸ் வேண்டாம், பறித்துவிடுவார்கள். நாலாம் நாள் நாக்குச் செத்துப்போனால் அனிமல் கிங்டம் லொட்ஜில் ‘சனா’ என்ற உணவகம் இருக்கிறது. அங்கே நான் ரொட்டியும் அதோடு தொட்டுக்கொள்ள விதவிதமான சட்னிகளும் கிடைக்கும்.

படி 8: வாங்கிவிட்டால்

டிப்ஸ் பொதுவாகத் திட்டத்தில் இல்லை, மேசைச் சாப்பாட்டுக்குத் தனியாக ஒதுக்குங்கள். எடுக்காமல் மிஞ்சும் சாப்பாட்டுப் பங்கு ஹொட்டலை விட்டுக் கிளம்பும் நாள் நள்ளிரவோடு காலாவதி. சிற்றுண்டிப் பங்கு மிஞ்சினால் பூங்காக் கடைகளில் பொதி செய்த பிஸ்கட்டாக வாங்கி வரலாம்.

பெரிய திட்டம் என்றால் மேசை பிடிப்பதுதான் முக்கிய வேலை. 60 நாளுக்கு முன் பதிவு திறக்கும், ஒர்லாண்டோவில் காலை 6 மணி. ஆகஸ்ட் பயணத்துக்கு ஜூனில் பதிவு, அப்போது கொழும்பில் பின்னேரம் மூன்றரை. நீங்கள் ஆபீசில், பிள்ளைகள் டியூஷனில். யார் போனோடு இருப்பது என்று முதலே பேசிவையுங்கள், மிக்கி மேசை வேகமாகப் போய்விடும்.