கழற்றிய சீட்டைத் திருப்பிப் பாருங்கள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தமது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 மோட்டார் சைக்கிளுக்கு வெளியில் வாங்கிய சீட்டை என் வீட்டு வாசலில் வைத்துப் பூட்டினார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. ஆனால் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பழைய சீட்டின் அடியில் ரப்பர்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே பிழையைச் செய்தவன். சீட்டை மாற்றும்போது நேரும் பிழைகளில் போல்ட்டைத் தொலைப்பது, பொருந்தாத ஸ்பேனரைப் போடுவது போன்றவற்றை யாரும் எழுதி விளக்க வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய சீட்டின் ரப்பர்களைப் புதிய சீட்டுக்கு மாற்றாமல் விடுவது

ஓட்டுபவரின் எடையைத் தாங்குவது போல்ட் என்றே பலரும் எண்ணுகிறார்கள். சீட்டின் அடித்தட்டில் பொருத்தப்பட்ட ரப்பர்கள் ஃபிரேம் குழாய்களின் மீது அமர்ந்து எடையை இறக்குகின்றன. போல்ட்டும், சீட்டின் முன்முனையில் நீட்டிக்கொண்டு ஃபிரேமில் கொளுவும் நாக்கும் சீட் நகராமல் பிடித்துக்கொள்பவை மட்டுமே. வெளியில் விற்கும் சீட்டுகள் பலவற்றில் ரப்பர்கள் வருவதில்லை. பழையதிலிருந்து கழற்றி மாட்டிக்கொள்வோம் என்று நம்பி விற்கிறார்கள், அதைத் தாளில் எழுதித் தருவதும் இல்லை.

ரப்பர் இல்லாவிட்டால் அடித்தட்டு சில மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். பின்விளக்குக்குச் செல்லும் வயர்கள் அந்த இடைவெளியில்தான் கிடக்கின்றன. தார்ச் சாலையில் மாதக்கணக்கில் ஓட்டினாலும் ஒன்றும் தெரியாது. கல்லும் பள்ளமுமான தடத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அடித்தட்டு வயரை ஃபிரேமோடு வைத்துத் தேய்க்கும்.

எனக்கு அது ஜவ்வாது மலையில், பொழுது சாயும் நேரத்தில் நேர்ந்தது. பின்விளக்கு அணைந்தது, ஃபியூஸ் போயிருந்தது. மாற்றினேன், அதுவும் போயிற்று. விளக்கையும் பிரேக் சுவிட்சையும் சந்தேகப்பட்டு ஒரு பகல் முழுவதையும் வீணடித்த பிறகே சீட்டைக் கழற்றினேன். வயரின் மேலுறை தேய்ந்து, செம்பு ஃபிரேமைத் தொட்டுக்கொண்டிருந்தது. புதிய சீட்டின் அடித்தட்டும் நாக்கின் அருகே விரிசல் விட்டிருந்தது. வயரிங் வேலைக்கும் இன்னொரு சீட்டுக்கும் செலவழித்தேன். வேண்டிய ரப்பர்களோ அந்தக் காலம் முழுவதும் என் வீட்டுப் பரணில் பழைய சீட்டோடு கிடந்தன என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது.

சோதிப்பது எளிது. ரப்பர்களின் அடியில் சாக்கட்டித் தூளைப் பூசி, வயர் செல்லும் இடத்தில் பிசைந்த மாவைச் சிறு உருண்டைகளாக வைத்து, சீட்டைப் பூட்டி, அழுந்த உட்கார்ந்து எழுந்து, மறுபடி கழற்றுங்கள். ஒவ்வொரு ரப்பரின் தடமும் ஃபிரேமில் வெள்ளையாகப் பதிந்திருக்க வேண்டும். மாவு அப்பளமாகத் தட்டையாகியிருந்தால் வயருக்கு இடமில்லை என்று பொருள். அந்த இளைஞரின் வண்டியில் பழைய ரப்பர்களை எடுத்து மாட்டிய பிறகும் ஒன்று மட்டும் தடம் பதிக்கவில்லை. அது வெயிலில் இறுகிச் சுருங்கியிருந்தது.

காலர் இல்லாமல் போல்ட்டை முடுக்குவது

போல்ட் துளைக்குள் இருக்கும் காலர் எனும் சிறு உலோகக் குழலும் பழைய சீட்டிலேயே தங்கிவிடும் பொருள்தான். அது இல்லாவிட்டால் முடுக்கும் விசை முழுவதும் பிளாஸ்டிக்கை நசுக்கும். சீட்டில் வழக்கமாக வரும் எம்6 (6 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையே போதும். நீளமான ஸ்பேனரால் முழுப் பலத்தையும் காட்ட வேண்டாம்.

உயரத்தை மட்டும் பார்த்து வாங்குவது

இந்த வண்டியின் சீட் உயரம் 800 மில்லிமீட்டர். அதே உயரமுள்ள புதிய சீட்டிலும் கால் எட்டாமல் போகலாம். முன்பகுதி அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து பாதம் மேலே போய்விடும். நின்றுகொண்டு ஓட்டும்போதும் அந்த அகலமே முழங்கால்களை டேங்கிலிருந்து விலக்கும்.

முன்பக்க நாக்கைச் சோதிக்காமல் விடுவது

பூட்டியபின் முன்முனையைத் தூக்குங்கள். எழும்பினால் நாக்கு கொளுவவில்லை.

போல்ட் தளராமலிருக்க லாக்டைட் பசையைப் பூசுவது

பிளாஸ்டிக்கில் பட்டால் அது விரிசல் விடலாம், வேண்டாம்.