விமானப்படை ஹேங்கரில் முதல் வருடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைகள் விமானப்படையில் மெக்கானிக்காகச் சேரும் முன் என்னிடம் வந்து, "அங்கிள், எஞ்சின் வேலை கஷ்டமா?" என்று கேட்பார்கள். முதல் வருடம் ஹேங்கரில், அதாவது விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையில், ஓரிக்ஸ் ஹெலிகாப்டரின் கியர்பாக்ஸை யாரும் உங்களை நம்பிக் கொடுக்கப் போவதில்லை. பேனலைக் கழற்று, துடை, ஸ்பேனரை எடுத்துக் கொடு, திரும்ப மூடு. இவ்வளவுதான் வரும். தவறுகளும் இதில்தான் நடக்கின்றன.

டூல்பாக்ஸில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே வெட்டிய குழி இருக்கும். வேலைக்கு முன் எண்ண வேண்டும், முடிந்ததும் எண்ண வேண்டும். ஒரு குழி காலியாக இருந்தாலும் விமானம் நகரக் கூடாது. நான் சேர்ந்த இரண்டாம் மாதம் 10 மில்லிமீட்டர் சாக்கெட் ஒன்றைத் தொலைத்தேன். சார்ஜன்ட்டிடம் சொல்லப் பயந்து அரை மணி நேரம் தனியாகத் தேடினேன். அதற்குள் மற்றவர்கள் பேனல்களை மூடிவிட்டார்கள். அப்புறம் சொன்னேன். மூடியதையெல்லாம் திறந்து தேடி, கடைசியில் இரவு பத்து மணிக்கு என் ஓவராலின் கிழிந்த பைக்குள்ளே, உள்துணியில் அது கிடைத்தது. சார்ஜன்ட் சாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அந்த அரை மணி நேரத்துக்குத்தான் திட்டினார். திட்டியது நியாயம். அந்தச் சாக்கெட் ஹெலிகாப்டரின் கட்டுப்பாட்டுத் தண்டுகளுக்கு இடையே உருண்டு போய்ச் சிக்கியிருந்தால், பைலட் என்ன செய்திருக்க முடியும்? கருவி தொலைந்தால் அந்த நிமிடமே சத்தமாகச் சொல்லுங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அம்மா பையில் போட்டுவிட்ட எலுமிச்சம்பழம், திருநீற்றுப் பொட்டலம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துவிட்டு ஹேங்கருக்குள் போங்கள். ஓடும் ஜெட் எஞ்சின் முன்னால் நிற்பதையெல்லாம் உறிஞ்சும். மோதிரம் ஏணியில் மாட்டினால் விரல் தோலை உரித்துவிடும். பேட்டரி முனையில் பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். காவடிக்குக் கட்டிய காப்புக் கயிற்றை விரதம் முடியும்வரை அவிழ்க்க முடியாது என்றால், முன்கூட்டியே மேலதிகாரியிடம் சொல்லி விடுப்போ ஸ்டோர் வேலையோ கேளுங்கள். வெறும் வயிற்றோடு டர்பன் வெயிலில் ஹெலிகாப்டரின் உச்சியில் ஏறி நிற்பது முருகனுக்கும் பிடிக்காது.

அடுத்தது, பாகங்களைக் கண்ணால் பார்த்து எடுப்பது. 1990 ஜூன் 10 அன்று ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன்கண்ணாடி வானத்திலேயே பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடலோடு வெளியே இழுக்கப்பட்டார். சக ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தார். கண்ணாடியைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகளின் விட்டம் 0.66 மில்லிமீட்டர் குறைவு. மாற்றியவர் புதியவர் இல்லை, அனுபவசாலி. பட்டியலில் எண்ணைப் பார்க்காமல், பழைய போல்ட்டோடு ஒப்பிட்டு எடுத்துவிட்டார். போல்ட்டை எடுக்கும்போது அதன் எண்ணைக் கையேட்டில் பாருங்கள், நேற்றுப் பார்த்திருந்தாலும் சரி.

சீனியர்கள் வாய்வழியாகச் சொல்லும் தந்திரங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் பல நல்லவை. எழுதி வைக்கப்படாததுதான் ஆபத்து. அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானத்தில் காற்றழுத்த சென்சார்களுக்குள் ஈரம் சேரும். ஹீட்டரைப் போட்டு ஈரத்தை உலர்த்திய பிறகே அளவைச் சரிசெய்ய வேண்டும் என்பதைச் சில பராமரிப்பாளர்கள் 2006லேயே கண்டுபிடித்திருந்தார்கள். அது கையேட்டில் ஏறவில்லை. 2008 பிப்ரவரி 23 அன்று குவாம் தீவில் ஈரத்தோடே அளவைச் சரிசெய்தார்கள். விமானம் தவறான வேகத்தைக் காட்டி, மேலெழும்பும்போதே விழுந்தது. பைலட்டுகள் இருவரும், ஆபத்தில் ஆளோடு வெளியே பாயும் எஜெக்ஷன் இருக்கையால் தப்பினார்கள். யாராவது உங்களுக்கு ஒரு தந்திரம் கற்றுக்கொடுத்தால், "இது கையேட்டில் எந்தப் பக்கம்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். இல்லையென்றால் அதைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வழி இருக்கிறது.

நம் கிரிப்பன் போர் விமானத்திலும் ஹாக் பயிற்சி விமானத்திலும் எஜெக்ஷன் இருக்கை உண்டு. அது தற்செயலாக வெடித்துக் கிளம்பாமல் தடுக்கும் பாதுகாப்புப் பின்கள் இருக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பார்க்காமல் காக்பிட்டுக்குள் கையைக்கூட நீட்டாதீர்கள்.

கடலோரத்தில் பறந்து வந்த விமானத்தை நல்ல தண்ணீரால் கழுவச் சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம். உப்பு, அலுமினியத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடும்.

கடைசியாக, கையெழுத்து. வேலை முடிந்து எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ஒருவர் படிவத்தை நீட்டி, "நான் பார்த்துவிட்டேன், நீ போடு" என்பார். உங்களுக்கு 19 வயது, அவருக்கு இருபது வருட அனுபவம். மறுப்பது கஷ்டம்தான். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார்ஜன்ட், நான் அதைப் பார்க்கவில்லை. பேனலைத் திறந்தால் பார்த்துவிட்டுப் போடுகிறேன்." அவர் முணுமுணுப்பார். பெரும்பாலும் திறந்தும் காட்டுவார். திறக்காவிட்டால் தர ஆய்வாளரிடம் போங்கள், அன்று இரவே.