புயல் அடித்த வீட்டை மீட்பது எப்படி: எதை முதலில் செய்வது, எதற்குக் காத்திருப்பது

சென்னைக்கு வரும் புயல் இரண்டு விதமாக வீட்டைக் கெடுக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா மாதிரி காற்றால் அடிப்பது ஒரு விதம்: மரம் சாயும், ஜன்னல் கண்ணாடி நொறுங்கும், மொட்டை மாடி ஷீட்டும் காலித் தண்ணீர் டேங்கும் பக்கத்துத் தெருவில் கிடக்கும். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் வந்த மிக்ஜாம் மாதிரி, கரையை ஆந்திராவில் பாபட்லா பக்கம் போய்க் கடந்தாலும், வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் என்று இங்கே ஏரியா ஏரியாவாகத் தண்ணீரில் மூழ்கடிப்பது இன்னொரு விதம். காற்று உடைத்தது கண்ணுக்குத் தெரியும், ஆளைக் கூப்பிட்டு மாற்றிவிடலாம். தண்ணீர் கெடுத்தது சுவருக்குள்ளும் சுவிட்ச் பாக்ஸுக்குள்ளும் சம்புக்குள்ளும் (தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) ஒளிந்திருக்கும். அதனால் இங்கே பெரும்பகுதி தண்ணீர் புகுந்த வீட்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: காயாத எதற்கும் கரன்ட் கொடுக்காதீர்கள், காயாத எதையும் மூடாதீர்கள்.

கரன்டிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் தண்ணீர் வடிந்த பிறகும் உயிரைப் பறிக்கக்கூடியது இது. நம் ஊரில் மீட்டர் போர்டு மாடிப்படிக்கு அடியிலோ பார்க்கிங்கிலோதான் இருக்கும், அதாவது முதலில் நனைகிற இடத்தில். தெருவில் கரன்ட் வந்துவிட்டது என்று யாராவது சொன்னதும் ஓடிப்போய் மெயினைப் போடாதீர்கள். மெயின் ஏற்கனவே ஆஃப் ஆகியிருந்தால் அப்படியே இருக்கட்டும். ஆஃப் ஆகவில்லை, போர்டுக்குப் போகும் வழியில் தண்ணீர் நிற்கிறது என்றால் உள்ளே கால் வைக்காமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள், மின்னகம் எண் 94987 94987. ரோட்டோரத்துப் பில்லர் பாக்ஸ் (வீடுகளுக்குக் கரன்ட் பிரியும் மின்வாரியப் பெட்டி) தண்ணீரில் நின்றாலும் அப்படித்தான், அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப் போங்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டோம் என்கிற தைரியத்தில் பலரும் மறப்பது இன்வர்ட்டரை. தெருவே இருட்டாக இருந்தாலும் உங்கள் வீட்டு ஒயருக்குள் அது கரன்டை அனுப்பிக்கொண்டே இருக்கும், அதனால் அதையும் தனியாக ஆஃப் செய்ய வேண்டும், பேட்டரி நனைந்திருந்தால் நீங்கள் தொடவே வேண்டாம், எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்ளட்டும்.

எலக்ட்ரீஷியன் வந்ததும் நனைந்த பிளக் பாயின்ட், சுவிட்ச் பாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றித் திறந்து வைக்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் சேறு ஒரு மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும், வெளியே துடைத்துவிட்டால் ஒன்றும் தெரியாது. உள்ளே காய்ந்து, மெகர் (ஒயரில் கரன்ட் கசிகிறதா என்று காட்டும் கருவி) வைத்து லைனைச் சோதித்த பிறகுதான் கரன்ட், அதுவும் ஒவ்வொரு ரூமாக. மூழ்கிய எம்சிபியையும் (லோடு அதிகமானால் கரன்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆர்சிசிபியையும் (கரன்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) காயவைத்துத் திரும்ப மாட்டுவதில் அர்த்தம் இல்லை, ஆபத்தில் கைகொடுக்க வேண்டிய பொருள் அது, புதிதாகவே போடுங்கள். வயரிங் எப்படியும் திறந்துதான் கிடக்கிறது, அதனால் தரை ஓரத்தில் இருந்த பாயின்ட்டுகளைத் தண்ணீர் நின்ற அளவுக்கு மேலே ஏற்றிவிடுங்கள், அடுத்த மழைக்கு இவ்வளவு செலவு வராது.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் எதையும் ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்காதீர்கள். மூழ்கிய மோட்டாரைக் காயவைத்து, தேவைப்பட்டால் ரீவைண்டிங் (உள்ளே கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றுவது) செய்து பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், ஈரத்தோடு ஓட்டினால் அந்தச் சுருள் எரிந்துவிடலாம். போர்வெல்லுக்குள் இருக்கும் சப்மெர்சிபிள் மோட்டாருக்குத் தண்ணீர் பிரச்சினை இல்லை, ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் அதன் ஸ்டார்ட்டர் பெட்டி நனைந்ததா என்று பாருங்கள். பைக், கார் விஷயமும் இதேதான். சாவியைத் திருகவே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்து பழுதானால், இன்ஜினுக்கென்று தனி கவர் எடுத்திருந்தால் ஒழிய இன்சூரன்ஸில் கைவிரித்துவிடுவார்கள். இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். வாடகைக்கு ஜெனரேட்டர் எடுப்பவர்கள் அதை மூடிய பார்க்கிங்கிலோ பால்கனிக்குள்ளோ ஓடவிடாதீர்கள், அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கொல்லும்.

துடைப்பத்தை எடுப்பதற்கு முன்னால் போனை எடுங்கள். ஒவ்வொரு ரூமையும் வீடியோ எடுங்கள், சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிற மாதிரி ஒரு ஸ்கேலோ டேப்போ வைத்துப் படம் எடுங்கள், அந்த இடத்தில் பென்சிலால் தேதியும் எழுதுங்கள். ஃபிரிட்ஜ், டிவி, மெஷின் பின்னால் இருக்கும் மாடல் நம்பர் ஸ்டிக்கரையும் படம் எடுக்க வேண்டும், இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கேட்பது அதைத்தான். வாடகை வீடு என்றால் அதே படங்களை ஹவுஸ் ஓனருக்கு அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். யார் எதைச் சரிசெய்வது என்று பிறகு பேச்சு வரும்போது வாய்வார்த்தை நிற்காது, தேதியோடு இருக்கும் மெசேஜ் நிற்கும்.

அப்புறம் சேறு. இது காய்ந்து இறுகுவதற்குள் கழுவ வேண்டும், காய்ந்துவிட்டால் டைல்ஸ் இடுக்கிலிருந்து சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். வந்தது வெறும் மழைத் தண்ணீர் இல்லை, சாக்கடையும் கலந்தது, அதனால் ரப்பர் பூட்ஸ், கையுறை இல்லாமல் இறங்காதீர்கள். காலில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியாக ஏறும். அந்தத் தண்ணீரில் நடந்தவர்களுக்கு அடுத்த ஓரிரு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள், டாக்டரிடம் போய் வெள்ளத்தில் நடந்தேன் என்று சொல்லுங்கள். பீரோவுக்கு அடியிலும் ஷூ ஸ்டாண்டிலும் கை விடுவதற்கு முன் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள், பாம்பு ஒதுங்கியிருக்கும். இருந்தால் அடிக்கப் போகாதீர்கள், வனத்துறையைக் கூப்பிடுங்கள். தரையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசல் விடலாம். ஆனால் ஒன்று, டைல்ஸ் கறைக்கு ஆசிட் ஊற்றுகிற பழக்கம் நம் ஊரில் நிறைய வீடுகளில் இருக்கிறது, பிளீச்சிங் பவுடர் இருக்கும் இடத்தில் ஆசிட்டோ டாய்லெட் கிளீனரோ பட்டால் குளோரின் வாயு கிளம்பும், கதவடைத்த பாத்ரூமில் அது நுரையீரலையே பதம் பார்த்துவிடும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பயன்படுத்தவே வேண்டாம்.

வீட்டு வேலைக்கு வருகிற அக்காவைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்வதாக இருந்தால் அவருக்கும் பூட்ஸும் கையுறையும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள், அவர் வீடும் மூழ்கியிருக்கும், அதைக் கேட்டுவிட்டு வேலையைச் சொல்லுங்கள். உடைந்த கண்ணாடியைத் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள், அதை அள்ளப்போவது ஒரு தூய்மைப் பணியாளரின் கை. குப்பை மலையாகக் குவிந்து யாரும் வரவில்லை என்றாலும், மரம் விழுந்து கிடந்தாலும் மாநகராட்சி எண் 1913. மரத்தில் ஒயர் சிக்கியிருந்தால் அரிவாளோடு போகாதீர்கள், மின்வாரியத்து ஆள் வரட்டும்.

சம்ப் விஷயத்தில் சோம்பல் கூடாது. வெள்ளம் மூடிக்கு மேல் ஏறியிருந்தால் உள்ளே இருப்பது சாக்கடைத் தண்ணீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அது வெறும் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கலாம். அதை மேல் டேங்குக்கு ஏற்றினால் டேங்க், பைப், ஆர்ஓ மெஷின் எல்லாம் சேர்ந்து கெடும். முழுக்க வெளியேற்றி, அடியில் படிந்த வண்டலை வாரி, சுவரையும் தரையையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரையும் இறைத்துக் கொட்ட வேண்டும். உள்ளே இறங்கும் வேலை தனியாளுக்கு ஆனதில்லை. மூடியை வெகுநேரம் திறந்து வைத்த பிறகே, மேலே ஒருவர் நின்று பேசிக்கொண்டே இருக்க, இறங்குங்கள், பெட்ரோலில் ஓடும் பம்பை உள்ளே இறக்காதீர்கள்; உள்ளே மயங்கியவரைத் தூக்கப்போய் இரண்டாவது ஆளும் போன கதை ஊரில் உண்டு. நல்ல தண்ணீர் நிரப்பியதும் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரை ஒரு பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரமாவது விடுங்கள். குடிப்பதற்குக் கொதிக்கவைத்த தண்ணீரோ கேனோதான், குறைந்தது சில வாரங்களுக்கு. சம்ப் விளிம்பைச் செங்கல் வைத்து உயர்த்திக் கட்டுவதற்கும் இதுதான் சமயம்.

இனி காயவைக்கும் வேலை. இதில்தான் சென்னைக்காரர்களுக்குப் பொறுமை வேண்டும், டிசம்பர் காற்றே ஈரம்தான், அடுத்த தாழ்வு மண்டலம் எப்போது என்று வேறு பார்த்துக்கொண்டிருப்போம். வெயில் அடிக்கிற நேரமெல்லாம் எதிரெதிர் ஜன்னலைத் திறந்து வையுங்கள், கரன்ட் சரியான பிறகு ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பிவிடுங்கள். பீரோ, கட்டில் எல்லாவற்றையும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் இரண்டே நாளில் பின்னால் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும். பஞ்சு மெத்தை, தலையணை, சோபா குஷன் போகட்டும், எவ்வளவு காயவைத்தாலும் உள்ளே ஊறியது போகாது. பிளைவுட்டும் பிரஸ்டு போர்டும் உப்பிவிட்டால் அவ்வளவுதான். தேக்கும் பழைய மரச்சாமான்களும் பிழைக்கும், ஆனால் நேர் வெயிலில் வைக்காதீர்கள், வெடித்துவிடும், நிழலில் காற்றோட்டமாக, டிராயரை எல்லாம் உருவி வைத்து மெதுவாகக் காயட்டும். இரும்பு பீரோவில் லாக்கருக்குள் தண்ணீர் தேங்கியிருக்கும், மறக்காமல் பாருங்கள்.

ஆல்பம் நனைந்திருந்தால் ஒட்டிக்கொண்ட போட்டோக்களைப் பிய்த்து எடுக்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் தானாக விடும், பிறகு படம் மேலே இருக்கிற மாதிரி காட்டன் துணியில் பரப்பி ஃபேன் காற்றில் காயவிடுங்கள். உடனே உட்கார நேரமில்லையா, பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீஸரில் வைத்துவிட்டால் பூசணம் பிடிக்காமல் காத்திருக்கும் (ஃபிரிட்ஜ் ஓடுகிற உறவினர் வீட்டில்தான் வைக்க வேண்டியிருக்கும்). பத்திரங்களுக்குப் பக்கத்துக்குப் பக்கம் டிஷ்யூ பேப்பர். பத்திரம் கிழிந்தே போனாலும் சொத்து போய்விடாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும், மிக்ஜாமுக்குப் பிறகு தொலைந்த சான்றிதழ்களுக்கு அரசே சிறப்பு முகாம் நடத்தியது. ரேஷன் கார்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், அப்போது நிவாரணம் 6000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது.

காற்றால் கெட்டதற்கு வந்தால், முதலில் மொட்டை மாடித் தண்ணீர் போகும் துவாரத்தில் அடைத்திருக்கும் இலையை எடுங்கள், பாதி ஒழுகல் அதோடு நிற்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்திருந்தால் நனைத்துவிட்டு முகக்கவசத்தோடு எடுங்கள், உலர்ந்த நிலையில் உடைத்தால் தூசி ஆபத்து. ஈரமான ஷீட்டின் மேல் ஏறி நிற்கவே நிற்காதீர்கள். தற்காலிகமாகத் தார்பாயைக் கட்டிவிட்டு மழைக்காலம் முடியட்டும். இந்தச் சமயத்தில் வீடு வீடாக வந்து வாட்டர்ப்ரூஃபிங் செய்கிறோம், முழுப் பணம் முன்னாலேயே கொடுங்கள் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள்.

வீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று நிறைய பேருக்கே தெரியாது. ஹோம் லோன் எடுத்திருந்தால் அதோடு சேர்த்து ஒரு பாலிசி போட்டிருக்கலாம், கடன் பேப்பர்களைப் புரட்டிப் பாருங்கள். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி புயல், வெள்ளம் இரண்டையும் கவர் செய்கிறது, கட்டடத்துக்கு எடுத்திருந்தால் வீட்டுச் சாமான்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே உண்டு. போனில் சொன்னால் போதாது, இமெயிலும் அனுப்பிக் கிளெய்ம் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். சர்வேயர் வரும்வரை எறிய வேண்டியதைப் படம் எடுத்து ஒரு மூலையில் வையுங்கள், சகிக்க முடியாத நாற்றம் என்றால் எழுதிக் கேட்டுவிட்டு எறியுங்கள். கிளெய்ம் நியாயமில்லாமல் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு, அங்கும் நடக்கவில்லை என்றால் சென்னையிலேயே இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) அலுவலகம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

கடைசியாகச் சுவர். டிசம்பரில் புயல் வந்தால் ஜனவரியில் பொங்கல், வீடு இருக்கிற கோலத்தில் பண்டிகைக்கு வெள்ளையடித்துவிடலாம் என்று தோன்றுவது இயல்புதான், மனசும் அதற்கு ஏங்கும். தயவுசெய்து வேண்டாம். ஈரச் சுவரில் பெயின்ட் அடித்தால் உள்ளே மாட்டிய தண்ணீர் வெளியே வர வழி தேடும், சில மாதத்தில் பெயின்ட் கொப்புளித்து, அடியில் உப்புப் பூத்து, மாவு மாதிரி உதிரும், அப்போது பட்டியையும் (பெயின்ட்டுக்கு அடியில் பூசும் புட்டி) சுரண்டி மறுபடி முதலிலிருந்து செலவு. பொங்கலுக்கு வாசலைக் கழுவிக் கோலம் போடுங்கள், சுவரைச் சும்மா விடுங்கள். ஊதிப்போன பூச்சை மட்டும் தட்டி எடுத்துவிட்டு, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். மார்ச், ஏப்ரல் வெயில் வரட்டும். அப்போது ஒரு சதுர அடி பாலித்தீன் ஷீட்டைத் தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிரிக்கும்போது உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் சில வாரம் பொறுங்கள், வறண்டிருந்தால் பெயின்டரைக் கூப்பிடலாம்.