சுங்கை பூலோவில் கடிகாரத்தை நம்பாதீர்கள்

செப்டம்பர் பிறந்ததும் சிங்கப்பூரின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் புதியவர்கள் வரத் தொடங்குகிறார்கள். கழுத்தில் புதுத் தொலைநோக்கி தொங்கும். பறவை பார்க்கும் குடிலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காலியான சேற்றுக் குளத்தைப் பார்த்துவிட்டு, “இங்கே பறவையே இல்லையே?” என்று கேட்பார்கள். தொடக்கத்தில் நானும் இப்படித்தான் வந்தேன். ஆண்டுதோறும் அதே தவறுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன். தண்ணீர் பாட்டில், கொசுத் தைலம், தொப்பி பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அவற்றை மறந்து வந்தவர் இரண்டாம் முறை மறப்பதில்லை.

விடியற்காலையில் போனால் போதும் என்று நம்புவது

மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதுதான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டுகிறது. காரணம், பறவைகளைப் பற்றி ஓரளவு தெரிந்தவர்கள்தாம் இதை அதிகம் செய்கிறார்கள். வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் பழகியவருக்கு அதிகாலையும் மாலையும் நல்ல நேரம். அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவருகிறார்கள். ஏரியில் கூடு கட்டியிருக்கும் பறவை சூரியனைப் பார்த்து நடக்கிறது. கடலோரச் சேற்றில் இரை தேடும் உள்ளான்களும் கோட்டான்களும் (ஆந்தை அல்ல, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை) நீரைப் பார்த்து நடக்கின்றன. அவற்றுக்குப் பகல், இரவு என்பது இரண்டாம் பட்சம்.

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையிலான ஜொகூர் நீரிணையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். வற்றும்போது மண்டாய் பக்கத்துச் சேற்றுவெளிகள் திறந்துகொள்ளும். புழுவும் நண்டும் சிப்பியும் கிடைக்கும் அந்த நேரத்தில் வலசைப் பறவைகள் அங்கே பரவி மேய்ந்துகொண்டிருக்கும். நீர் ஏற ஏற, சேறு மூழ்கி, நிற்க இடமில்லாமல் போகும். அப்போதுதான் அவை கூட்டம் கூட்டமாகப் பறந்து காப்பகத்தின் குளங்களுக்கு வருகின்றன. இந்தக் குளங்கள் ஒரு காலத்தில் இறால் பண்ணைகளாக இருந்தவை. கரைகளில் மதகுகள் இன்னும் உண்டு. வெளியே கடல் உயர்ந்திருக்கும்போதும் உள்ளே நீரைக் குறைவாக வைத்திருக்க அவை உதவுகின்றன. பறவைகள் கால் நனைய நின்று ஓய்வெடுக்க இடம் கிடைக்கிறது. 1989இல் இந்த இடத்தைப் பறவைகளுக்காக ஒதுக்கியதற்கும், 2002இல் 130 ஹெக்டேரை இயற்கை வனக் காப்பகமாகச் சட்டப்படி அறிவித்ததற்கும் இப்படி வந்து தங்கும் பறவைகளே முக்கியக் காரணம்.

ஆகவே குடிலுக்கு எதிரே நூற்றுக்கணக்கில் பறவைகள் நிற்க வேண்டுமானால் வெளியே கடல் நிறைந்திருக்க வேண்டும். கடல் வற்றியிருக்கும் காலை 7 மணிக்கு வந்தால் இரண்டு சாம்பல் நாரைகளும் ஒரு நீர் உடும்பும் கிடைக்கும்.

இதிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. ஏற்றத்தின் உச்சம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் அது கிட்டத்தட்ட 6 மணி நேரம் ஆகிவிடும். ஆக, இந்தச் சனிக்கிழமை காலை 8 மணிக்கு உச்ச ஏற்றம் என்றால், அடுத்த சனிக்கிழமை அதே 8 மணிக்குக் கடல் அடிவரை வற்றிக் கிடக்கும். “போன வாரம் நண்பர் இதே நேரத்துக்கு வந்தார், குளமே தெரியாத அளவுக்குப் பறவைகள் நின்றன என்றார்” என்று ஏமாற்றத்தோடு சொன்னவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நண்பர் பொய் சொல்லவில்லை. அவர் வந்த வாரத்துக்கு மறுவாரம் வந்ததுதான் பிழை. இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் ஏற்றம் சுற்றி வந்து மீண்டும் காலையிலேயே நின்றிருக்கும்.

மனத்தை விட்டு அகலாத ஒருவர் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த பெரியவர். கோடியக்கரையில் பல ஆண்டுகள் பறவை பார்த்தவர், சின்னக் கோட்டானின் கூவலை வாயாலேயே எழுப்பிக் காட்டினார். மகன் வேலைக்கு விடுப்பு எடுத்து, அப்பாவை இருட்டோடு எழுப்பி, காப்பகம் இருக்கும் கிராஞ்சி வரை அழைத்து வந்திருந்தார். அன்று உச்ச ஏற்றம் பிற்பகலில். “அய்யா, இரண்டு மணிவரை இருக்க முடியுமா?” என்று கேட்டேன். மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்ததால் முடியாது என்றார்கள். மறுநாள் காலை விமானம். பயணத்தில் மீதமிருந்த ஒரே காலை நேரம் வெறும் சேற்றைப் பார்த்துக் கழிந்தது. அட்டவணையை ஒரு முறை பார்த்திருந்தால் மருத்துவரைக் காலையில் முடித்துக்கொண்டு பிற்பகலில் வந்திருக்கலாம்.

செய்ய வேண்டியது எளிது. கடல் ஏற்றவற்ற அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அது தீவின் எந்தக் கரைக்கானது என்று பாருங்கள், இடத்துக்கு இடம் நேரம் மாறும். உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே குடிலில் இருங்கள், பறவைகள் வந்து இறங்குவதைப் பார்ப்பதே தனி இன்பம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் மிக உயரமாக ஏறிச் சேற்றை முழுமையாக மூடும். வளர்பிறை, தேய்பிறை அரைநிலா நாள்களில் ஏற்றம் தணிவாக இருக்கும். வெளியே கொஞ்சம் சேறு மீந்திருந்தால் எல்லாப் பறவைகளும் உள்ளே வர வேண்டிய அவசியமில்லை. இதற்கு வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும்.

ஓய்வெடுக்கும் கூட்டத்தைக் கிளப்பிவிடுவது

சரியான நேரத்துக்கு வந்தவர்கள் செய்யும் தவறு இது. குளத்தில் பறவைகள் அலகை முதுகுச் சிறகில் செருகிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கும். “சும்மா நிற்கிறதே, பறந்தால் படம் நன்றாக வருமே” என்று ஒருவர் குடிலுக்கு வெளியே வந்து கை தட்டியதை நேரில் கண்டேன். மொத்தக் கூட்டமும் எழுந்து மூன்று வட்டம் அடித்தது. அவருக்குப் படம் கிடைத்தது.

அந்தப் பறவைகளுக்கு அந்த நேரத்தில் வேறு போக்கிடம் கிடையாது. மேயும் இடம் நீருக்கடியில் இருக்கிறது. பறக்கும் ஒவ்வொரு நிமிடமும் உடலில் சேர்த்த கொழுப்பு கரைகிறது. சிவந்த காலுடைய கரைப்பறவையான பவளக்காலி ஒன்றின் எடை ஏறத்தாழ 120 கிராம்தான். இங்கே கருவி பொருத்தி அனுப்பிய பவளக்காலிகள் இமயமலையைத் தாண்டித் திபெத்தியப் பீடபூமிப் பக்கம் சென்றதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மார்ச், ஏப்ரலில் அது நம் முன்னால் கண்மூடி நிற்பது அந்தப் பயணத்துக்கான சேமிப்பு. அதைப் படத்துக்காகச் செலவழிக்க நமக்கு உரிமை இல்லை. குடிலுக்குள்ளேயே இருங்கள். சன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டாதீர்கள். பிள்ளைகளிடம் காதோடு பேசுங்கள், அவர்கள் நம்மைவிட நன்றாக அமைதி காப்பார்கள்.

ஒலிப்பதிவு போட்டுப் பறவையை அழைப்பது

கூடாது.

ஜூன் மாதத்தில் வலசைப் பறவை தேடுவது

அவை வடக்கே குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். செப்டம்பர் முதல் மார்ச் வரை வாருங்கள்.

எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த குடிலுக்கு ஓடுவது

தூரத்தில் நிற்கும் கூட்டம் முதலில் ஒரே பழுப்பாகத்தான் தெரியும். பத்து நிமிடம் உட்கார்ந்தால் பிரியத் தொடங்கும். இறகின் நிறத்தை விட்டுவிட்டுக் காலையும் அலகையும் பாருங்கள். சிவப்புக் கால் என்றால் பவளக்காலி. பச்சை சாய்ந்த கால், சற்றே மேல்நோக்கி வளைந்த அலகு என்றால் பச்சைக்காலி. கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகோடு எல்லாவற்றுக்கும் மேலே தலை தெரிந்தால் சின்னக் கோட்டான். குட்டை அலகு, உருண்டைத் தலை, பொன் தூவிய முதுகு என்றால் பொன் உப்புக்கொத்தி. முதல் நாளில் இந்த நான்கு போதும். எதிரே இருக்கும் ஒரே கூட்டத்தை முழுமையாகப் பார்த்தவர், எல்லாக் குடில்களையும் சுற்றியவரைவிட அதிகம் பார்த்திருப்பார்.

சேற்றைப் பார்க்காமல் நடப்பது

நேரம் தவறி வற்றத்தில் வந்துவிட்டீர்களா? திரும்பிவிடாதீர்கள். நடைபாலத்திலிருந்து கீழே பாருங்கள். கண்டல் மரங்களின் மூச்சுவேர்கள் ஆணி அடித்ததுபோல் சேற்றில் நிமிர்ந்து நிற்கும். அவற்றுக்கு நடுவே சேற்றுத்துள்ளி மீன்கள் தண்ணீரை விட்டு வெளியே வந்து துடுப்பால் தத்தி நகரும். ஆண் பிடில் நண்டுகள் ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டி அழைக்கும். நீர்நாய்க் குடும்பம் கால்வாயில் மீன் தின்றுகொண்டிருக்கலாம். சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தந்த தில்லை மரம் இங்கேயும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும், இலையைக் கிள்ளிப் பார்க்க வேண்டாம்.

முதலையைக் கண்டதும் கரையோரம் இறங்குவது

உவர்நீர் முதலைகள் இங்கே உண்மையாகவே இருக்கின்றன. பாதையை விட்டு இறங்காதீர்கள். அசையவில்லை என்று கல் எறிபவர்களைத் தடுத்து நிறுத்துங்கள்.

அந்தி ஏற்றத்தை நம்பிக் கிளம்புவது

காப்பகம் மாலை 7 மணிக்கு மூடப்படும். உச்ச ஏற்றம் 6 மணியைத் தாண்டும் நாள்களை விட்டுவிடுங்கள், பறவைகள் வந்து சேர்ந்து நிலைகொள்ளும் நேரத்தில் நீங்கள் வாசலை நோக்கி நடந்துகொண்டிருப்பீர்கள். காலை 9 மணிக்கும் பிற்பகல் 4 மணிக்கும் இடையே உச்சம் வரும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து 925ஆம் எண் பஸ் வருகிறது. நுழைவுக் கட்டணம் இல்லை.