ட்ரோன் திரும்பி வரவேண்டுமே! புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமரா ட்ரோனை மேலே ஏற்றுவதற்கு இப்போது பெரிய திறமை வேண்டியதில்லை. ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தால் அந்தரத்தில் அப்படியே நின்றுகொள்ளும். புதியவர்கள் ஏமாறுவது இந்தச் சுலபத்தில்தான். சிக்கல் பெரும்பாலும் திரும்பும் வழியில் காத்திருக்கிறது.

ஜிபிஎஸ் பிடிக்கும் முன்பே கிளப்புவது முதல் தவறு. 'ரிட்டர்ன் டு ஹோம்' பட்டனை அழுத்தினால், ட்ரோன் வழக்கமாக ஜிபிஎஸ் உதவியோடு தன் நினைவில் பதிந்த ஹோம் பாயின்ட்டுக்கு, அதாவது கிளம்பிய இடத்துக்குத்தான் போகும். நீங்கள் படகில் நகர்ந்துகொண்டே பறக்கவிட்டால், நீங்கள் கிளம்பிய இடத்தில், அதாவது தண்ணீரில், போய் இறங்கப் பார்க்கும். திரையில் பத்துக்கு மேல் சாட்டிலைட் தெரிந்து, ஹோம் பாயின்ட் பதிந்துவிட்டது என்ற செய்தி வரும்வரை பொறுங்கள்.

திரும்பும் உயரத்தையும் ஒவ்வொரு இடத்திலும் பாருங்கள். சுற்றிலும் 25 மீட்டர் மரங்கள் இருக்க, செட்டிங்கில் 20 மீட்டர் என்றிருந்தால் என்ன ஆகும்? 40 மீட்டர் வையுங்கள். அதற்காக 120 என்று வைப்பதும் தப்பு. மேலே காற்று அதிகம், ஏறுவதற்கே சார்ஜ் கரையும். மரக்கிளைக்கோ பாலத்துக்கோ அடியில் இருக்கும்போது 'ரிட்டர்ன் டு ஹோம்' பட்டனைத் தொடவே வேண்டாம். பல ட்ரோன்கள் முதலில் நேராக மேலே ஏறித்தான் திரும்பும்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது காற்றுக் கணக்கில். ட்ரோனின் வேகம் நொடிக்கு 10 மீட்டர், காற்று 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு போனால் 16 மீட்டர் வேகம். 960 மீட்டரை ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். திரும்பும்போது மிஞ்சுவது 4 மீட்டர்தான், அதே தூரத்துக்கு நான்கு நிமிடம். பாதி பேட்டரியில் திரும்பினால் போதும் என்று நினைத்தவரின் ட்ரோன் வழியிலேயே இறங்கிவிடும். ஆகவே முதலில் எதிர்காற்றில் போங்கள், வரும்போது காற்றே தள்ளிவிடும். பக்கத்தில் பறந்தாலும் 30 சதவீதத்தில் தரையிறக்கத் தொடங்குவது நல்லது. குளிரில் இன்னும் முன்பே, பேட்டரி திடீரெனச் சரியும்.

ட்ரோனின் திசைகாட்டியைச் சரிசெய்யும் காம்பஸ் காலிபரேஷனைக் கார் அருகிலோ, கம்பி கட்டிய கான்கிரீட் தளத்திலோ செய்யாதீர்கள். இரும்பு திசையைக் குழப்பும். ஓரிடத்தில் நிற்க வேண்டிய ட்ரோன் வட்டமடித்துக்கொண்டே விலகும்.

தடைகளைக் கண்டறியும் சென்சார் இருக்கிறதே என்ற தைரியமும் ஆபத்து. மின்கம்பி, இலையுதிர்ந்த கிளை, கண்ணாடி இதெல்லாம் அதன் கண்ணுக்குத் தப்பும். பல மாடல்களில் வேகமாகப் பறப்பதற்கான ஸ்போர்ட் மோடு போட்டாலே அந்த சென்சார் அணைந்துவிடும்.

இறக்கை மாற்றும்போது குறியைப் பாருங்கள். இரண்டு வலப்புறமும் இரண்டு இடப்புறமும் சுற்றுபவை; மாற்றிப் பொருத்தினால் கிளம்பிய வேகத்தில் குப்புற விழும். ஓரம் உடைந்த இறக்கையை ஒட்டிப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். அதிர்வு கேமராவுக்குப் போய், வீடியோ ஜெல்லி போல ஆடும். கேமராவை ஆடாமல் பிடித்திருக்கும் கிம்பலின் மூடியைக் கழற்றாமல் ஆன் செய்தால் அதன் சின்ன மோட்டார்கள் திணறிப் பழுதாகலாம்.

வீடியோ வெட்டி வெட்டித் தெரிகிறதா? வெயிலில் ஆட்டோ மோடு ஷட்டரை மிக வேகமாக்கியிருக்கும். நொடிக்கு 25 பிரேம் எடுத்தால் 1/50 நொடி ஷட்டர் பொருந்தும். மிஞ்சும் வெளிச்சத்தை லென்ஸின் முன் என்டி ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடி போட்டுக் குறையுங்கள்.

கடைசியில், இறக்கும்போது நேர்கீழாக விருட்டென்று இறக்காதீர்கள். இறக்கைகள் கிளப்பிய சுழல்காற்றுக்குள்ளேயே ட்ரோன் சிக்கித் தடுமாறும். கொஞ்சம் முன்னோக்கி நகர்த்தியபடி இறக்குங்கள். பேட்டரி சூடு ஆறிய பிறகே சார்ஜ் போடுங்கள். பல நாள் பறக்கப்போவதில்லை என்றால் 50, 60 சதவீதத்தில் வையுங்கள். முழு சார்ஜோடு வாரக்கணக்கில் கிடந்தால் உப்பிவிடக்கூடும். உப்பிய பேட்டரியை மறுபடி மாட்டவே கூடாது.