தொடர் பணிகளுக்கு ஓர் ஆச்சரியக்குறி

டூடூயிஸ்ட் என்ற வேலைப் பட்டியல் செயலியில் திரும்பத் திரும்ப வரும் வேலையைப் பதியும்போது, ‘எவ்ரி’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒட்டி ஓர் ஆச்சரியக்குறி இட்டால், அடுத்த தேதி அந்த வேலையை முடித்த நாளிலிருந்து கணக்கிடப்படும். ஏசி வடிகட்டியைக் கழுவுவதை ‘எவ்ரி! 30 டேஸ்’ என ஆங்கிலத்தில் குறித்துவிட்டால், 1ஆம் தேதி வேலையை 12ஆம் தேதி செய்தாலும் அடுத்த முறை முழுதாக 30 நாள் கழித்தே வரும். குறி இல்லையெனில் 19 நாளிலேயே வந்து நிற்கும், இப்போதுதானே கழுவினோம் என்று நாமும் தள்ளிவிடுவோம், அவ்வாறு தள்ளப்படும் பட்டியலின் மீது நம்பிக்கை விரைவில் போய்விடுகிறது. வாடகை, கடன் தவணை போன்று தேதி நகரக் கூடாதவற்றுக்கு இக்குறியை இடவே கூடாது. ஒரு முறை தாமதமாகக் கட்டினால், அடுத்த மாத நினைவூட்டலும் கெடு கடந்த பிறகே வரும்.